ஆங்கிலப் பெயர்ச்சொற்களை இனங்கண்டு கையாளும் முறை

நமது பாடசாலைகளில் மூன்றாம் தரத்திலிருந்தே ஆங்கிலம் முறையாகக் கற்பிக்கப்பட்டாலும், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் வன்னி மாணவர்கள் பலர் பெயர்ச்சொல்லைப் பொறுத்தவரை "ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர்" என்ற வரைவிலக்கணத்துடனேயே நின்றுவிடுகிறார்கள். அது பிழையன்று, ஆயினும் வினாத்தாளில் ஒரு வாக்கியத்தைப் பிரித்தறிய அது போதாது. 'ஹார்வெஸ்ட்' என்பது அறுவடை என்ற பெயரா, அறுவடை செய் என்ற வினையா என்பதை அச்சொல்லின் பொருள் காட்டாது. அது நிற்கும் இடமே காட்டும். 'த ஹார்வெஸ்ட் இஸ் லேட்' என்பதில் அது பெயர். காலபோக நெல்லைப் பற்றி 'வீ ஹார்வெஸ்ட் இன் ஃபெப்ரவரி' என்று சொல்லும்போது அதே சொல் வினை.

ஆகவே முதலில் முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள். 'ஏ', 'ஆன்', 'த', 'மை', 'திஸ்' போன்ற ஒன்றோ, எண்ணைக் குறிக்கும் சொல்லோ அங்கு நின்றால் அதைத் தொடர்ந்து பெரும்பாலும் ஒரு பெயர் வரும். இடையில் அடைமொழிகள் எத்தனை வந்தாலும், அத்தொடரின் கடைசிச் சொல்லே பெரும்பாலும் நாம் தேடும் பெயராக இருக்கும்.

'ஒஃப்' வரும் தொடரில் இந்த ஒழுங்கு மாறுவதால் கூடுதல் கவனம் வேண்டும். கிளிநொச்சிச் சந்தையில் "மரக்கறிகளின் விலை கூடியுள்ளது" என்று நாம் சொல்லும்போது, தலைமைச் சொல்லான 'விலை' வினையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'த பிரைஸ் ஒஃப் வெஜிடபிள்ஸ்' என அது முன்னே போய்விட, வினைக்கு அருகில் பன்மையான 'வெஜிடபிள்ஸ்' வந்து அமர்கிறது. அதைப் பார்த்த மாணவர் 'ஆர் ஹை' என்று எழுதிவிடுகிறார். 'ஒஃப்' முதல் வினை வரையுள்ள பகுதியை விரலால் மறைத்துவிட்டு வாசித்தால், 'பிரைஸ்' என்ற ஒருமைக்கு 'இஸ்' தான் பொருந்தும் என்பது உடனே தெரியும்.

அதிக புள்ளிகள் இழக்கப்படும் இடம் எண்ணிக்கை என்பது என் கணிப்பு. தமிழில் "இரண்டு மாடு நிற்கிறது" என்பது இயல்பான பேச்சு. அஃறிணைக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. அப்பழக்கத்தால் 'டூ கவ்ஸ்' என்பதன் இறுதி 'எஸ்' எழுத்து விடுபடுகிறது. மறுபுறம், தகவல்கள், அறிவுரைகள், தளபாடங்கள், உபகரணங்கள் என்று தமிழ் தாராளமாகப் பன்மை தருவதால், 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' ஆகியவற்றிற்கும் 'எஸ்' சேர்க்கப்படுகிறது. இவை ஆங்கிலத்தில் எண்ணப்படாப் பெயர்கள்: முன்னே 'ஏ' வராது, பின்னே 'எஸ்' வராது, வினை ஒருமையாகவே இருக்கும், 'மெனி' என்பதற்குப் பதிலாக 'மச்' வரும். எண்ணியே ஆகவேண்டுமானால், நாம் நெல்லை விட்டு மூடையை எண்ணுவது போல, 'ஏ பீஸ் ஒஃப் அட்வைஸ்', 'டூ பேக்ஸ் ஒஃப் ரைஸ்' என்று வேறொரு பெயரை முன்னிறுத்தி எண்ண வேண்டும்.

கதிரையையும் மேசையையும் கண்ணால் எண்ணலாமே, 'ஃபர்னிச்சர்' மட்டும் ஏன் எண்ணப்படாதது என்று கேட்டால் தர்க்கரீதியான விடை கிடைக்காது. அது அம்மொழியின் வழக்கு. கற்போருக்கான அகராதிகளில் எண்ணப்படும் பெயருக்கு 'சி' என்றும் எண்ணப்படாததற்கு 'யூ' என்றும் குறியிடப்பட்டிருப்பதால், புதிய சொல்லைத் தேடும்போது அந்த எழுத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். 'சிக்கன்' உயிருள்ள கோழியானால் எண்ணப்படும், இறைச்சியானால் எண்ணப்படாது. 'கேட்டில்' என்பதற்கு 'எஸ்' இல்லாவிட்டாலும் பன்மை வினையே வரும். 'நியூஸ்' என்பதற்கு 'எஸ்' இருந்தாலும் ஒருமை வினைதான்.

சொற்குடும்பங்களுக்கு வன்னியில் எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. 2009க்குப் பிந்திய ஆண்டுகளில் படிவங்களிலும் கூட்டங்களிலும் கேட்டுப் பழகிய 'டிஸ்பிளேஸ்மென்ட்', 'ரீசெட்டில்மென்ட்', 'அசெஸ்மென்ட்' ஆகிய மூன்றும் வினையுடன் 'மென்ட்' சேர்ந்து உருவான பெயர்களே. 'இரிகேட்' என்ற வினை 'இரிகேஷன்' என்றும், 'டார்க்' என்ற பெயரடை 'டார்க்னெஸ்' என்றும் பெயராகின்றன. நமது தொழிற்பெயரும் பண்புப்பெயரும் செய்யும் வேலையை இவை செய்கின்றன. ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்த ஈறு என்பதற்கு ஒரே விதி இல்லை. 'அரைவ்' என்பது 'அரைவல்' ஆகும். 'குரோ' என்பது 'குரோத்' ஆகும். எனவே வினை, பெயர், பெயரடை என மூன்று நிரல்கள் வரைந்து, ஒரு சொல்லைக் கற்கும்போதே அதன் உறவுகளையும் நிரப்புவது நல்லது. 'ஃபாம்' செய்பவர் 'ஃபாமர்' என்பதால், 'குக்' செய்பவரை 'குக்கர்' என்று எழுதிவிடாதீர்கள்; அது அடுப்பு, சமைப்பவர் 'குக்' தான்.

'இங்' என்று முடியும் சொல் வினையாகவும் வரும், பெயராகவும் வரும். முல்லைத்தீவுக் கரையில் ஒருவர் 'ஹி இஸ் ஃபிஷிங்' எனும்போது அது வினை. 'ஃபிஷிங் இஸ் ஹார்ட் வேர்க்' என்பதில் 'மீன்பிடித்தல்' என்ற பெயர். 'பிஃபோர்', 'வித்தவுட்' போன்ற முன்னிடைச் சொற்களின் பின் ஒரு செயலைக் குறிக்க இந்தப் பெயர் வடிவமே வரவேண்டும். 'பிஃபோர் கோயிங்' என்பது சரி, 'பிஃபோர் கோ' என்பது பிழை.

உடைமையைக் காட்டும் அப்பொஸ்ட்ரஃபி குறியில் சிக்கல் எழுத்தில் மட்டுமே உண்டு. ஒரு விவசாயியின் வயலானால் குறி 'எஸ்' எழுத்துக்கு முன்னும், பல விவசாயிகளின் வயலானால் அதற்குப் பின்னும் வரும். 'சில்ட்ரன்' போல 'எஸ்' இல்லாத பன்மைக்குக் குறியிட்டு 'எஸ்' சேர்க்க வேண்டும். 'அதனுடைய' என்று பொருள்படும் 'இட்ஸ்' என்பதற்குக் குறியே கிடையாது. குறியிட்டால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்பதன் சுருக்கமாகிவிடும்.