சோலார் பேட்டரியில் ஆங்கிள் கிரைண்டர் ஓட்டும்போது தவிர்க்க வேண்டியவை

மொட்டை மாடியில் இரண்டு பேனல், கீழே 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். நாமே பூட்டிய இந்தச் செட்டில் ஃபேனும் லைட்டும் சிக்கலில்லாமல் ஓடும். இரும்பை வெட்டவும் தேய்க்கவும் பயன்படும் 850 வாட் ஆங்கிள் கிரைண்டரைச் செருகினால் கதை வேறு.

பெரும்பாலானவர்கள் வாட்டை மட்டும் பார்க்கிறார்கள், ஆம்பியரைப் பார்ப்பதில்லை. எல்லாத் தவறுக்கும் அதுதான் வேர் என்பேன். அதே கிரைண்டர் வீட்டின் 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குள் ஓடிவிடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால், 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கையில் கிடைத்த 4 ஸ்கொயர் எம்.எம். வீட்டு ஒயரைப் போட்டால், போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் தூரத்திலேயே 60 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். இன்சுலேஷன் இளகும். 25 அல்லது 35 ஸ்கொயர் எம்.எம். கேபிள் வாங்குங்கள், நீளத்தைக் குறையுங்கள், கேபிள் முனையில் மாட்டும் உலோக லக்கைச் சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். புதிதாகப் போடுபவர் என்றால் 24 வோல்ட்டுக்குப் போய்விடுங்கள், ஆம்பியர் பாதியாகிவிடும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே டி.சி. ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும். அந்த இடத்தில் வீட்டு எம்.சி.பி.யை (ஏ.சி.க்கான ட்ரிப் சுவிட்ச்) மாட்டாதீர்கள். ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் சுவிட்சுக்குள் எழும் தீப்பொறி தானே அணையும். டி.சி.யில் அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் பேட்டரி. லேபிளில் உள்ள 150 ஏ.எச். என்பது 10 அல்லது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுப்பதற்கான கணக்கு. 80 ஆம்பியரில் உறிஞ்சினால் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அதையும் முழுவதும் வடித்தால் பேட்டரியின் ஆயுள் போய்விடும். அதனால் தொடர்ச்சியாக அரை மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரி என்றால் அதன் பாதுகாப்புச் சர்க்யூட்டான பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று முதலில் பாருங்கள்.

கம்ப்ரஸர் போன்ற இண்டக்‌ஷன் மோட்டார்கள் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டரில் முயற்சி செய்யவே வேண்டாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் இரைந்து சூடாகும். வீட்டு கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவ்தான் சரி.

சென்னை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் பேட்டரி வைப்பதும் பெரிய தப்பு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். அதே அறையில் கிரைண்டர் பொறி பறந்தால் வெடிக்கலாம். காற்றோட்டமுள்ள தனி இடத்தில் வையுங்கள். வேளச்சேரி மாதிரித் தண்ணீர் தேங்கும் பகுதியென்றால் இரும்பு ஸ்டாண்டில் உயர்த்தி வையுங்கள். கடலோரமென்றால் லக்குகளில் வாஸ்லின் தடவுங்கள்.

எனக்குப் பிடித்த வழி கார்ட்லெஸ் டிரில், கார்ட்லெஸ் கிரைண்டர். நண்பகல் வெயிலில் சார்ஜரைப் போட்டால் சிறிய இன்வெர்ட்டரே போதும்.

கடைசியாக, புயல் நாட்களில் செய்யவே கூடாத ஒன்று. இன்வெர்ட்டர் லைனை வீட்டு பிளக்கில் செருகி வீடு முழுக்க ஓட்டுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் உங்கள் 230 வோல்ட் மெயின் வழியாக வெளியே போனால், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரே போகலாம். வீட்டு ஒயரிங்கோடு இணைக்க வேண்டுமென்றால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, மெயினும் இன்வெர்ட்டரும் ஒன்றோடொன்று இணையாமல் தடுக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.