மனைவி கைக்கு எந்தத் துப்பாக்கி? அமெரிக்கத் தமிழ் வீடுகளில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் துப்பாக்கிப் பேச்சு பெரும்பாலும் ஒரு திருட்டுச் செய்தியை ஒட்டித்தான் எழும். இந்திய வீடு என்றால் தங்கம் இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஜார்ஜியா, நியூயார்க், மிச்சிகன், டெக்சஸ் என்று மாநிலம் மாநிலமாக ஆசியக் குடும்பங்களையே தேடிப் போய்க் கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவிக்கு 37 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிய வார இறுதியில் கணவர் கன் ஷாப்புக்குப் போகிறார். தன் கைக்கு அடக்கமாக ஒன்றைப் பார்த்து வாங்கி வந்து, "நான் ஊரில் இல்லாதபோது ஏதாவதுன்னா எடுத்துக்கோ" என்று மனைவியிடம் சொல்கிறார்.

ஊரில் இல்லாதவர் தேர்ந்தெடுத்ததை, வீட்டில் தனியாக இருப்பவர் எடுத்துச் சுட வேண்டும். கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. அனுபவமில்லாதவர் கணவராக இருக்கும் வீடுகளும் உண்டு. அங்கேயும் இதே கதைதான், ஆள் மட்டும் மாறும்.

கடைக்குப் போகும் முன் விசாவைப் பாருங்கள்

நம்மவர்களில் பலர் இதை யோசிப்பதே இல்லை. ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, வேறு சில விலக்குகளும் உண்டு. அவை தனக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்காமல் யாரும் முடிவு செய்யக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் ஹெச்-1பிகாரர் சட்டத்தின் கண்ணில் இன்னும் ஹெச்-1பிகாரர்தான்.

"வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. மாணவர் விசாவில் வந்து அந்தத் தகுதியை இழந்த ஒருவர், ஃப்ளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) போய்ச் சுட்டதன் பேரில் வழக்கில் மாட்டினார். ரெஹைஃப் என்ற அவரது வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபித்தாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ரேஞ்சில் கையில் எடுத்ததெல்லாம் ஒரு குற்றமா என்பதல்ல அங்கே நடந்த வாதம். ஆகவே ஒருவர் குடிமகன், மற்றவர் இன்னும் விசாவில் என்றிருக்கும் தம்பதிக்கு "சும்மா பழகிப் பார்க்கட்டுமே" என்பதும் ஆபத்துதான். தடை உள்ள ஒருவருக்காக இன்னொருவர் தன் பெயரில் வாங்கித் தருவது தனிக் குற்றம். 2022இல் வந்த சட்டப்படி அதற்கு 15 ஆண்டு வரை சிறை.

மாநிலச் சட்டம் இதற்கு மேல். டெக்சஸில் வாங்குவதற்கு பர்மிட் தேவையில்லை. நியூஜெர்சியில் முதலில் போலீஸ் மூலம் அனுமதி வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வும் எழுதி, 10 நாள் காத்திருக்கவும் வேண்டும். டல்லாஸ் நண்பர் சொன்னதை நியூஜெர்சி எடிசனில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொண்டால் வம்புதான்.

"லேடீஸுக்குச் சின்னது" என்ற மூடநம்பிக்கை

கவுன்ட்டரில் மனைவியைக் கண்டதும் சில விற்பனையாளர்கள் நேராக எடுத்து நீட்டுவது ஐந்து தோட்டா பிடிக்கும் குட்டி ரிவால்வரை. ஸ்மித் அண்ட் வெஸன் 642 இந்த வகை. அரை கிலோவுக்கும் குறைவு, கைப்பைக்குள் அடங்கும், சில கடைகளில் ரோஸ் நிறப் பிடியோடும் கிடைக்கும். பார்க்க எளிமையாக இருக்கும், சுடும்போதுதான் தெரியும். இதில் போடும் .38 அளவுத் தோட்டாவையே கனமான ரிவால்வரில் சுட்டால், அதன் எடையே உதைப்பில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இதில் அந்த உதை முழுவதும் உள்ளங்கைக்கும் கட்டைவிரல் அடிக்கும்தான் வருகிறது. டிரிகரை ஒவ்வொரு முறையும் ஐந்து கிலோவுக்கும் மேலான விசையில் இழுக்க வேண்டும். இழுக்கும் வேகத்தில் குழல் கீழே சாயும், தோட்டா குறி தப்பும். குழலும் குட்டை என்பதால் குறி பார்க்க உதவும் முன் முள்ளுக்கும் பின் பள்ளத்துக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம்தான். நன்றாகப் பழகியவருக்கே சிரமம் தரும் துப்பாக்கி இது. அதைப் போய்ப் புதியவர் கையில் கொடுக்கிறோம்.

சட்டைப் பைக்குள் அடங்கும் .380 பிஸ்டல்களும் அப்படித்தான், சுருக்கென்று உதைக்கும். வீட்டில் வைப்பதை யாரும் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கப் போவதில்லை. பிறகு சிறிதாக இருந்து என்ன லாபம்? நடுத்தர அளவு 9 எம்எம் பிஸ்டல், உதாரணத்துக்கு குளாக் 19 அளவில் ஒன்று, பெரும்பாலான கைகளில் இதைவிட நன்றாக நிற்கும். தோட்டா அடுக்கும் மேகசினில் 15 ரவுண்டு பிடிக்கும், உதைப்பும் மிதமாக இருக்கும். மேகசின் கொள்ளளவுக்கு வரம்பு வைத்திருக்கும் மாநிலங்கள் பலவற்றில் 10 ரவுண்டுதான்.

"ஆனால் அவளால் ஸ்லைடை இழுக்க முடியவில்லையே" என்பார்கள். (பிஸ்டலின் மேல்பகுதிதான் ஸ்லைடு; அதைப் பின்னால் இழுத்து விட்டால் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும்.) பலருக்கு இது பலம் சம்பந்தப்பட்டதே அல்ல, முறை சம்பந்தப்பட்டது. கையை முழு நீளத்துக்கு நீட்டிக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஸ்லைடின் வாலைக் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. பிஸ்டலை நெஞ்சுக்கு அருகே கொண்டுவர வேண்டும், குழல் மட்டும் பாதுகாப்பான திசையை விட்டு அசையக் கூடாது. இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் முழுதாகக் கவிழ்த்து நான்கு விரலாலும் அழுத்திப் பிடித்து, வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். தோளின் விசையும் உதவிக்கு வரும். கவுன்ட்டரிலேயே, காலி என்று சரிபார்த்த பிறகு, இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முடக்குவாதமோ விரல் வலியோ உள்ளவர்களுக்கு ஸ்பிரிங் இளகிய ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு இஇசட் போன்றவை இருக்கின்றன.

ஸ்லைடோடு நின்றுவிடாதீர்கள். பிடியை மாற்றாமலே விரல் நுனிச் சதை டிரிகருக்கு எட்டுகிறதா? மேகசினை விடுவிக்கும் பொத்தானுக்குக் கட்டைவிரல் போகிறதா? ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பூட்ட முடிகிறதா? நீங்கள் ஓரமாக நின்று வாயை மூடிக்கொண்டிருக்க, அவரே இதையெல்லாம் செய்ய வேண்டும். பிராண்டு விவாதம் அதற்குப் பிறகுதான். பல ரேஞ்சுகளில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். மூன்று நான்கைச் சுட்டுப் பார்த்துவிட்டு அவர் "இது" என்று சொல்வதை வாங்குங்கள். அது உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் சரி.

ஷாட்கன் சத்தம் கேட்டாலே ஓடிவிடுவானா?

முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஷாட்கனின் அந்த "ஷக்-ஷக்" ஒலிக்கே திருடன் ஓடிவிடுவான் என்பது அமெரிக்காவின் பழைய நம்பிக்கை. ஓடலாம், ஓடாமலும் போகலாம். எப்படியானாலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். 12 கேஜின் (கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது) உதைப்பைத் தோள் மறக்காது. பெரியவர்களுக்கான ஷாட்கனில் தோளில் வைக்கும் கட்டை ஏறத்தாழ 14 அங்குலம். ஐந்தடிப் பெண்ணுக்குத் தோளில் சேராமல் கை நீண்டுவிடும். பதற்றத்தில் பம்பை முழுதாகப் பின்னால் இழுக்காமல் பாதியில் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறாது. ஷாட்கன்தான் வேண்டும் என்றால் 20 கேஜும் குட்டைக் கட்டையும் பாருங்கள். அறைக்குள் உள்ள தூரத்தில் ரவைகள் சில அங்குலமே விரியும், அதனால் இதற்கும் குறி வேண்டும்.

ஏஆர்-15 ரைஃபிளுக்கு உதைப்பு குறைவு, குறி வைப்பதும் எளிது. ஆனால் மூடிய அறைக்குள் அதன் சத்தம் காதைப் பாழாக்கும், சில மாநிலங்களில் சட்டச் சிக்கலும் உண்டு. எதை வாங்கினாலும் அமெரிக்க வீட்டின் உள்சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகைதான் என்பதை மறக்க வேண்டாம். மனிதனை நிறுத்தும் தோட்டா அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். குழந்தைகள் எந்தச் சுவருக்குப் பின்னால் தூங்குகிறார்கள் என்று பார்த்து, எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலிலேயே இருவரும் வீட்டைச் சுற்றி நடந்து முடிவு செய்யுங்கள்.

பழக்குவதிலும் ஒரு தவறு உண்டு. கணவர் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த வீடுகளில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கிக்கும் அதே நிலைதான். முதல் நாளே பெரிய துப்பாக்கியைக் கொடுத்து, அவர் திடுக்கிடுவதைப் பார்த்துச் சிரிக்கும் ஆசாமிகள் எல்லா ரேஞ்சிலும் இருக்கிறார்கள். அன்றைக்கு ஏறும் பயத்தில் வெடிக்கும் முன்பே கண்ணை மூடும் பழக்கம் வந்துவிட்டால், அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகும். உதைப்பு மிகக் குறைந்த .22 துப்பாக்கியில் தொடங்குங்கள். பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். பெண்களுக்கென்றே வகுப்பு நடத்தும் இடங்கள் நிறைய உண்டு.

அம்மா அலமாரியைத் திறப்பார்

ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் தங்கும் அம்மா ஓர் அலமாரியையும் துடைக்காமல் விடமாட்டார். பேரன் கூடவே நிற்பான். துணி மடிப்புக்கு அடியில், மேல் தட்டில், மெத்தைக்குக் கீழே என்பதெல்லாம் ஒளித்து வைப்பது ஆகாது. அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களின் மரணக் காரணங்களில் 2020 முதல் முதலிடத்தில் இருப்பது துப்பாக்கி. தரையிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு இறுக்கிய சிறிய சேஃப் வேண்டும். விரல் ரேகைப் பூட்டு ஈரக் கையிலும் மாவுக் கையிலும் பல நேரம் திறக்காது. நான்கைந்து பொத்தான்களை அழுத்தித் திறக்கும் மெக்கானிக்கல் பூட்டில் பேட்டரித் தொல்லையும் இல்லை. அந்த எண் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணவருக்கு மட்டும் தெரிந்த சேஃப் நிறையவே பார்க்கலாம்.

அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் இது. மன அழுத்தத்தில் இருப்பவரோ, பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்தவரோ, வேலை போய் விசா கவலையில் தூக்கம் கெட்டவரோ வீட்டில் இருந்தால் துப்பாக்கி அந்த வீட்டுக்குள் வரவே கூடாது. ஏற்கெனவே இருந்தால் கொஞ்ச காலம் வெளியே போகட்டும். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

கடைசியாக, கேட்காமலே விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: ஆபத்து வந்தால் ஒரு மனிதரைச் சுட அவருக்கு மனம் ஒப்புமா? "மாட்டேன்" என்றால் அதை பயம் என்று தள்ளாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். அதே பணத்தில் வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. வாசல் கதவின் பூட்டு நாக்கு போய் விழும் தகட்டில் கம்பெனிக்காரன் போட்டிருக்கும் முக்கால் அங்குல ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் மரச் சட்டம் வரை போகும் 3 அங்குல ஸ்க்ரூ போடுங்கள். படுக்கையறைக் கதவுக்கும் அப்படியே. வாசலிலும் பின்பக்கமும் ஆள் வந்தால் எரியும் விளக்கு, அலாரம், நகைக்கு வங்கி லாக்கர், கட்டிலருகே சார்ஜில் போன். குழந்தைகளை எந்த அறைக்கு அழைத்துப் போவது, கதவைத் தாழிட்டுக்கொண்டு 911இல் முகவரியை எப்படிச் சொல்வது என்பதையும் இருவரும் பேசி வையுங்கள். துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கும் இந்த வேலைகளில் ஒன்றுகூடக் குறையாது.