லினக்ஸில் சத்தம் வரவில்லையா? டிரைவரில் கை வைப்பதற்கு முன்

லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்றதும் பலரும் விண்டோஸ் பழக்கத்தில் டிரைவரைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். ரியல்டெக் (சவுண்ட் சிப் செய்யும் நிறுவனம்) பெயரில் ஏதோ ஒரு பழைய சோர்ஸ் கோடை இறக்கி கம்பைல் செய்கிறார்கள். தேவையில்லாத வேலை இது. லினக்ஸில் சவுண்ட் டிரைவர்கள், சிஸ்டத்தின் மையமான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. 2.6 கெர்னல் வந்த காலத்திலிருந்து அந்தப் பொறுப்பு, கெர்னலின் சவுண்ட் பகுதியான அல்சாவுடையது. வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்தால், அடுத்த கெர்னல் அப்டேட்டில் இருந்ததும் போய்விடும்.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சவுண்ட் கார்டு கெர்னலுக்குத் தெரிகிறதா? டெர்மினலில் 'ஏபிளே' என்று அடித்து, இடைவெளி விட்டு, ஹைஃபனும் சின்ன எல்லும் சேர்த்துப் (aplay -l) பாருங்கள். பட்டியலில் உங்கள் கார்டு இருந்தால் டிரைவர் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு அதற்கு மேலே எங்கோ.

அந்த 'மேலே' என்பது பல நேரம் வெறும் மியூட். டெஸ்க்டாப்பின் வால்யூம் நூறில் இருந்தாலும் அல்சா அளவில் ஸ்பீக்கர் அடைபட்டிருக்கலாம். டெர்மினலில் 'அல்சாமிக்ஸர்' (alsamixer) திறந்தால் முதலில் ஒரே ஒரு பட்டைதான் தெரியும். பலர் அதைப் பார்த்து எல்லாம் சரி என்று மூடிவிடுகிறார்கள். எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்று வரிசையாக வரும். பட்டையின் அடியில் இரண்டு எம் இருந்தால் அது மியூட். எம் விசையைத் தட்டினால் அங்கே இரண்டு பூஜ்யம் வரும். 'ஆட்டோ மியூட்' இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். ஹெட்போன் செருகாமலேயே செருகியதாக நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரை அடைத்து வைக்கும் லேப்டாப்கள் உண்டு.

எச்டிஎம்ஐ மானிட்டர் இணைத்திருந்தால், சத்தம் அங்கே போகிறதா என்று சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட்டைப் பார்த்துவிடுங்கள்.

அந்த அவுட்புட் பட்டியலில் நிஜ கார்டு எதுவும் இல்லாமல் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் காட்டினால் கதை வேறு. ஓரளவு புதிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஆடியோ ஒரு தனி டிஎஸ்பி (ஒலியைக் கையாளும் செயலி) வழியாகப் போகிறது. அதற்கு 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற, அந்தச் செயலிக்குள்ளேயே ஓடும் மென்பொருள் வேண்டும். டிரைவர் இருக்கும், ஃபர்ம்வேர் இருக்காது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பழைய அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலர்கள் இத்தகைய ஃபர்ம்வேரைச் சேர்த்துத் தந்ததில்லை. 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்துதான் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரிலேயே வருகிறது. இந்த இடத்தில் அதிகம் பரவியிருக்கும் தவறு, டிஎஸ்பியைச் சுற்றிக்கொண்டு பழைய எச்டிஏ டிரைவருக்கு மாற்றும் ஒரு வரியை, டிரைவர்களுக்கான அமைப்புகள் இருக்கும் மோட்புரோப் கோப்பில் எழுதுவது. ஸ்பீக்கர் பாடிவிடும்; ஆனால் டிஎஸ்பியோடு இணைந்த உள் மைக் செத்துவிடும். அடுத்த வீடியோ காலில்தான் அது தெரியவரும். ஃபர்ம்வேர் தொகுப்பைப் போட்டு, மெஷினை முழுதாக அணைத்து எழுப்புவதே சரியான வழி.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, பல்ஸ்ஆடியோவை (செயலிகளின் சத்தத்தை அல்சாவுக்குக் கொண்டுசேர்க்கும் சர்வீஸ்) அடியோடு நீக்கச் சொல்லும் அறிவுரை. பத்து வருடத்துக்கு முன் எழுதிய குறிப்பை இன்றும் ஒட்டுகிறார்கள். ஃபெடோரா 34-உம் உபுண்டு 22.10-உம் அதே வேலையைச் செய்யும் புதிய பைப்வயருக்கு மாறிவிட்டன. பழைய குறிப்பு இங்கே பொருந்தாது. நீக்கும்போது கூடவே எவை போகின்றன என்று டெர்மினல் காட்டும் பட்டியலைப் படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால், டெஸ்க்டாப்பின் பாகங்களும் சேர்ந்து போய்விடலாம். பைப்வயர் தடுமாறினால் அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும், அதுவும் சூடோ (அட்மின் அனுமதி) இல்லாமல். அது உங்கள் பயனர் கணக்கில் ஓடுவது.

எந்த மாற்றம் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. பலன் இல்லையென்றால் அதைத் திரும்ப எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். யாரிடமாவது உதவி கேட்பதானால் 'சவுண்ட் வரல' என்று மட்டும் சொல்லாமல், ஆடியோ விவரங்களைத் திரட்டும் அல்சா-இன்ஃபோ ஸ்கிரிப்டை ஓட்டி அந்த அறிக்கையையும் கொடுங்கள். கார்டு, கோடெக் (அதிலுள்ள ஒலி சிப்), கெர்னல் பதிப்பு, மிக்ஸர் நிலை எல்லாம் அதில் இருக்கும். இணையத்தில் பதிவேற்றட்டுமா என்று கேட்கும். விருப்பமில்லை என்றால் கோப்பாக வைத்துக்கொண்டு தேவையானவருக்கு மட்டும் அனுப்பலாம்.