சுருக்கம் போக்கும் சீரம்: லேபிளைப் படிப்பது எப்படி?

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். டப்பாவைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலை போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் கண்ணுக்கு வலியில்லை.

படி 1: ஃபீனாக்சிஎத்தனாலைத் தேடுங்கள்

அதிகம் சேர்த்த பொருள் முதலில், குறைவானது பின்னால். ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எதை முன்னால் எழுதினாலும் கேட்பாரில்லை. அந்த எல்லை எங்கே என்று லேபிள் சொல்லாது. கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கும் ஃபீனாக்சிஎத்தனாலுக்கு ஐரோப்பிய உச்சவரம்பு 1 சதவீதம். அந்த வரம்புக்குள் தயாரான சீரமென்றால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான்.

படி 2: உடனே தூக்கிப் போடாதீர்கள்

ஃபீனாக்சிஎத்தனாலுக்குப் பின்னால் வருவதெல்லாம் வீண் என்று பலரும் சறுக்குவது இங்கேதான். நியாசினமைடு (வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம்) வேலை செய்ய 2 முதல் 5 சதவீதம் வேண்டும். அது ஃபீனாக்சிஎத்தனாலுக்குப் பின்னால் நின்றால் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள். வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால் கதை வேறு. அதற்கு 0.3 சதவீதமே நல்ல அளவு, ஆகவே பட்டியலின் வாலில் இருப்பது இயல்பு. பெப்டைடுகளும் (புரதத்தின் சிறு துண்டுகள்) அப்படியே, மிகச் சொற்ப அளவில்தான் சேர்ப்பார்கள். ஹயலூரானிக் ஆசிட் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெல்லிய கோடுகள் தற்காலிகமாக மறையும், அவ்வளவுதான்.

படி 3: ரெட்டினால் குடும்பம்

சருமத்தில் வேலை செய்வது ரெட்டினாயிக் ஆசிட். ரெட்டினால் இரண்டு கட்டமாக மாறி அதுவாகிறது, ரெட்டினால்டிஹைடுக்கு ஒரே கட்டம். ரெட்டினைல் பால்மிடேட் மூன்று கட்டம் தாண்ட வேண்டும். அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை. காற்றும் வெளிச்சமும் ரெட்டினாலுக்கு ஆகாது. வாய் திறந்த கிரீம் டப்பாவில் வந்தால் நான் தொடுவதே இல்லை, பம்ப் பாட்டில்தான்.

படி 4: பூசுதல்

இரவில், வாரம் இரு முறை, முகம் முழுக்க ஒரு பட்டாணி அளவு. எரிச்சல் இல்லையென்றால் மெல்லக் கூட்டலாம். காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகளுக்கு ரெட்டினால் வகை எதுவும் வேண்டாம்.

பின்சேர்க்கை: "வைட்டமின் சி சீரத்தில் ஆஸ்கார்பிக் ஆசிடையே காணோமே?" என்று சிலர் கேட்டார்கள். ஆஸ்கார்பிக் ஆசிட் என்பதுதான் அசல் வைட்டமின் சி. ஆஸ்கார்பைல் குளூக்கோசைடு போன்ற மாற்று வடிவம் இருக்கும். சீக்கிரம் கெடாது, ஆனால் ஆதாரம் குறைவு. அசல் ஆஸ்கார்பிக் ஆசிட் என்றால் 10 முதல் 20 சதவீதம், பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 3.5-க்குக் கீழே. நிறமில்லாமல் வாங்கிய சீரம் பழுப்பாகிவிட்டால் கொட்டிவிடுங்கள்.