கெமிக்கல் பிளான்ட்டில் புதிய ஆபரேட்டர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்கி டாக்கியில் கண்ட்ரோல் ரூமிலிருந்து குரல் வரும்: “தம்பி, பி-201 பி-யை ஸ்டார்ட் பண்ணு.” ஃபீல்டில் ஏ, பி இரண்டு பம்புகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதில் ஒன்று மெயின்டனன்ஸுக்காகப் பிரித்துக் கிடக்கலாம். புது ஆபரேட்டரின் முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான். இடத்தை வைத்து அடையாளம் காண்கிறார். ‘படியிலிருந்து ரெண்டாவது’ என்பது அடையாளம் அல்ல, பம்பில் எழுதியிருக்கும் டேக் நம்பர்தான் அடையாளம். “சரி சார்” என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். “பி-201 பி, சக்‌ஷன் திறந்திருக்கு, ஸ்டார்ட் பண்றேன்” என்று டேக்கைப் படித்தபடியே திருப்பிச் சொல்லுங்கள். தவறாகக் கேட்டிருந்தால் அந்த ஒரு வரியிலேயே பிடிபட்டுவிடும்.

2004 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இல்லியோபொலிஸ் என்ற ஊரின் பிவிசி ஆலையில் நடந்ததை ஒவ்வொரு புது ஆபரேட்டரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அங்கே 24 ரியாக்டர்கள் (வேதிவினை நடக்கும் கலன்கள்), எல்லாம் ஒரே அமைப்பு. மேல்தளத்தில் ஒரு ரியாக்டரைக் கழுவிய ஆபரேட்டர், அதை வடிக்கக் கீழே இறங்கி, திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் போய்விட்டார். போய் நின்றது ஓடிக்கொண்டிருந்த ரியாக்டரின் கீழ். பாட்டம் வால்வ் திறக்கவில்லை, ஏனென்றால் உள்ளே பிரஷர் இருக்கும்போது திறக்கவிடாத இன்டர்லாக் அதில் இருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த ஏர் ஹோஸை மாட்டி வால்வைத் திறந்திருக்கிறார் என்று விசாரணையில் தெரிந்தது. வினைல் குளோரைடு கொட்டி வெடித்ததில் 5 பேர் இறந்தார்கள். திறக்க மறுக்கும் வால்வ் உங்களிடம் ஏதோ சொல்கிறது. அதற்கு மேல் கை வைக்காமல் டேக்கைப் படியுங்கள், கண்ட்ரோல் ரூமைக் கூப்பிடுங்கள்.

பம்ப் ஸ்டார்ட் பண்ணும்போது எல்லா பம்பையும் ஒரே மாதிரி நடத்துவது அடுத்த தவறு. சென்ட்ரிஃபியூகல் பம்ப் என்றால் சக்‌ஷன் (திரவம் உள்ளே வரும் பக்கம்) முழுக்கத் திறந்து, பம்பின் கூடான கேஸிங்கில் உள்ள காற்றை வென்ட் வழியாக வெளியேற்ற வேண்டும். விஷத்தன்மையுள்ள திரவம் என்றால் திறந்தவெளியில் அல்ல, மூடிய டிரெயினுக்குத்தான் வென்ட் போக வேண்டும். டிஸ்சார்ஜை (திரவம் வெளியேறும் பக்கம்) லேசாக மட்டும் திறந்து ஸ்டார்ட் பண்ணி, பிரஷரும் ஆம்ப்ஸும் நிலைத்த பிறகு மெல்லத் திறங்கள். டிஸ்சார்ஜை மூடியே ஓடவிட்டால் உள்ளே இருக்கும் திரவம் அங்கேயே சுற்றிச் சூடாகி சீல் போகும். கியர் பம்ப், டோஸிங் பம்ப் கதை நேர் எதிர். டிஸ்சார்ஜைத் திறக்காமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. திரவத்துக்குப் போக வழியில்லை என்றால் ரிலீஃப் வால்வ் தூக்கும், அது தூக்காவிட்டால் லைன் பிளக்கும். சரளைக்கல் உருள்வது போல் பம்பிலிருந்து சத்தம் வந்தால் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரையும் டேங்க் லெவலையும் பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் பார்க்காத ஒன்று: ஸ்டாண்ட்பை பம்பின் ஷாஃப்ட். டிஸ்சார்ஜில் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வ் சரியாக மூடாவிட்டால், ஓடும் பம்பின் திரவம் திரும்பி வந்து நின்றுகொண்டிருக்கும் பம்பைத் தலைகீழாகச் சுற்றும். அந்த நிலையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஷாஃப்டே முறியலாம். கப்ளிங் கார்டின் இடைவெளி வழியாக ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ரீடிங் எடுக்கப் போகாமல் முந்தைய மணி நேரத்து எண்ணையே எழுதுவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நேரில் போய்ப் பார்த்தும் ஏமாறலாம், அதுதான் கவனிக்க வேண்டியது. 2005 மார்ச் 23, டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை. சுமார் 170 அடி உயர டவருக்குள் சுமார் 3 மணி நேரம் ஃபீட் போய்க்கொண்டே இருந்தது, வெளியேறும் வழி மூடியிருந்தது. லெவல் காட்டும் கருவியோ அடியில் உள்ள சில அடிகளை மட்டுமே அளக்கும். அதுவும் லெவல் இறங்குவதாகவே காட்டிக்கொண்டிருந்தது. 15 பேர் இறந்தார்கள். கருவி சொல்வதைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணிக்கு 5 கிலோலிட்டர் உள்ளே போகிறது, வெளியே எதுவும் போகவில்லை என்றால் 2 மணி நேரத்தில் 10 கிலோலிட்டர் எங்கேயோ சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்ததாகக் காட்டவில்லையா? கருவி பொய் சொல்கிறது, அல்லது சரக்கு வேறெங்கோ போகிறது. இரண்டில் எது என்று தெரியும்வரை ஃபீடை நிறுத்தச் சொல்லுங்கள்.

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு, ஷிஃப்ட் மாறுவதற்குச் சற்று முன் எம்ஐசி (மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷத் திரவம்) டேங்கின் பிரஷர் 2 பிஎஸ்ஐ. 11 மணிக்கு 10 பிஎஸ்ஐ. 2 முதல் 25 வரை வழக்கமான அளவு என்பதால் புதிதாக வந்த ஷிஃப்டுக்கு அது உறுத்தவில்லை. எண் வரம்புக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எங்கிருந்து எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். ஷிஃப்டுக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, லாக் புக்கில் கடைசி 3 ரீடிங்கையாவது படித்து, விட்டுப்போகும் ஆபரேட்டரோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்த பெர்மிட் திறந்திருக்கிறது, எந்த இன்டர்லாக் பைபாஸில் இருக்கிறது, எந்த லைனில் பிளைண்ட் (குழாயை அடைக்கும் தகடு) போட்டிருக்கிறார்கள் என்ற மூன்றையும் வாயால் கேட்டு வாங்குங்கள்.

பேட்ச் ரியாக்டரில் வேலை என்றால் கிளர்த்தியைப் (உள்ளே இருப்பதைக் கலக்கும் கருவி) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேர்மானத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம், வெப்பநிலை ஏறவில்லை. புதியவர் ‘நல்லாத்தான் போகுது’ என்று வேகத்தைக் கூட்டுவார். உண்மையில் வினை தொடங்கவே இல்லை, விட்டதெல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது. அது பிடித்துக்கொள்ளும்போது மொத்தமும் ஒரே நேரத்தில் வினைபுரியும். 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டின் கூலிங் ஈடுகொடுக்காது. கிளர்த்தி நின்றுபோனாலும் இதே ஆபத்துதான். உடனே சேர்மானத்தை நிறுத்துங்கள், ஷிஃப்ட் இன்சார்ஜைக் கூப்பிடுங்கள், நீங்களாகக் கிளர்த்தியைத் திரும்பப் போடாதீர்கள். அடுக்கடுக்காக நின்ற பொருள்கள் ஒரே சுழற்சியில் கலந்துவிடும். மோட்டார் ஓடும் சத்தத்தையும் நம்பிவிடாதீர்கள். கப்ளிங் விட்டுப்போயிருந்தாலும் மோட்டார் ஓடும், ஆம்ப்ஸ் மட்டும் விழுந்திருக்கும்.

ஃப்ளேஞ்சைப் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் இடம்) பிரிக்கும் பக்கத்தில் நிற்க நேர்ந்தால், உங்களுக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும். மிச்சம் இருப்பது எதுவானாலும் முகத்தில் அடிக்காமல் அந்தப் பக்கம் பீச்சும். நைட்ரஜன் போட்ட வெஸலின் மேன்ஹோலில் தலையை நீட்டிப் பார்க்காதீர்கள். நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, மூச்சுத் திணறலும் தெரியாது, நினைவு சட்டென்று போய்விடும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உள்ளே போகக்கூடாது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் சுவாசக் கருவி இல்லாமல் இறங்காதீர்கள், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

சேஃப்டி ஷவரை ஷிஃப்ட் தொடங்கியதும் இழுத்துப் பாருங்கள். ஆசிட் பட்டால் பட்ட துணியைக் கழற்றி, குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் நிற்க வேண்டும், கண்ணுக்கும் அதே 15 நிமிடம். கடலூர், தூத்துக்குடி பக்கம் மே மாத மதியத்தில் வெயிலில் கிடக்கும் பைப்பிலிருந்து முதலில் கொதிக்கக் கொதிக்கத்தான் தண்ணீர் வரும். அந்தச் சூட்டில் 15 நிமிடம் யாரும் நிற்க மாட்டார்கள். சூடு தணியும்வரை ஓடவிட்டுவிட்டு மூடுங்கள். அதன் பிறகும் சூடாகவே வந்தால் லாக் புக்கில் எழுதி, மெயின்டனன்ஸுக்குச் சொல்லி, அந்த ஷிஃப்டில் ஆசிட் வேலை தொடங்குவதற்கு முன் சரிசெய்யக் கேளுங்கள்.