மே மாதம் வீணாகப் போவது எதனால்? வீடுகளில் நடக்கும் சில தவறுகள்

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து பள்ளி மூடியதும் பெரியவர்களுக்கு வேறொரு கணக்கு ஆரம்பித்துவிடும். ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை, ஷூ. ஏசி ஓடுகிற வீடென்றால் கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்ற பயம். தண்ணீர் லாரிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். "இதெல்லாம் முடியட்டும், அப்புறம் பிள்ளைகளை எங்காவது கூட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லாத வீடு குறைவு.

முதல் தவறு இதுதான். அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது? கட்டணத்தைக் கட்டி முடிக்கும்போது பள்ளி திறந்திருக்கும். ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்து சிரித்துவிட்டால் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறிவிடாது. இறங்காது என்பதும் உண்மைதான். ஆனால் கவலையோடு சேர்த்தே சிரிக்கத் தெரிந்த வீட்டில்தான் மே மாதம் மே மாதமாக இருக்கும்.

இன்னொரு வகை வீடு உண்டு. வருஷத்துச் சந்தோஷம் மொத்தத்தையும் மூன்று நாள் ஊட்டிப் பயணத்தில் கட்டி ஏற்றிவிடுவார்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாள். ஆக, மே மாத டிக்கெட்டுக்கு மார்ச்சில், பரீட்சை மும்முரத்துக்கு நடுவே போனும் கையுமாக உட்கார வேண்டும். தவறவிட்டால் தட்கல்: ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. காரில் போகலாம் என்றால், உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்துவிட்டது.

ஊட்டிக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்தவர்கள் போகட்டும். இவ்வளவு பாடுபட்டு வந்தாயிற்று, சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கூடவே காரில் ஏறிக்கொள்கிறதே, அதுதான் வம்பு. கொண்டை ஊசி வளைவில் குழந்தை வாந்தி எடுத்தால் முதலில் வருவது பரிவா, எரிச்சலா? நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

வழியில் கண்ணில் பட்டதற்கு வண்டியை நிறுத்தாமல் போவதும் இதோடு சேர்ந்த தவறுதான். சாலையோரம் நுங்குக் குலை கிடக்கும். பத்து நிமிஷம் நிறுத்தினால் என்ன ஆகிவிடும்? கண்ணைத் தோண்டி எடுத்துப் பையில் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். மேலே மட்டும் சீவி முழுக்காயாக வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கட்டைவிரலை உள்ளே விட்டு நோண்டி உறிஞ்சும்போது சட்டையெல்லாம் தண்ணீர் தெறிக்கும், தெறிக்கட்டும். முற்றிப் போனது கல் மாதிரி இருக்கும், அதைத் தின்றால் வயிறு வலிக்கும், கடைக்காரரிடம் இளசாகக் கேட்டு வாங்குங்கள். தின்று முடித்த வெறுங்காய் இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் குத்தி, நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி தயார். இதைச் செய்யத் தெரிந்த தாத்தாவோ மாமாவோ அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

இனி நான் பெரிதாக நினைக்கும் தவறு. "இன்னைக்கு ராத்திரி எல்லாரும் மொட்டை மாடியில சாப்பிடலாம்!" என்று அப்பா உற்சாகமாக அறிவிப்பார். பிள்ளைகள் குதிப்பார்கள். சாதம் வடிப்பது, பாத்திரங்களை மாடிக்குத் தூக்குவது, பிறகு இறக்குவது, பத்து மணிக்கு மேல் கழுவுவது எல்லாம் அம்மா தலையில் விழும். கத்திரி வெயிலில் அடுப்படி எப்படி வேகும் என்பது அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். நாலு பேர் சிரிக்க ஒருவர் வேர்த்து வழிந்தால் அதற்குப் பெயர் குடும்பச் சந்தோஷமா? யாருக்கு யோசனை வந்ததோ அவர் கையில்தான் கரண்டி என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள்.

செய்வதையும் சுருக்கிக்கொள்ளலாம். நிலாச்சோற்றுக்கு ஒரு பெரிய பாத்திரம் போதும். தயிர் சாதத்தைப் பிசைந்து, உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளங்கையில் ஒவ்வொரு உருண்டையாக வைத்துக்கொண்டே போனால் தட்டே வேண்டாம். சாயங்காலமே பிசைவதானால் பாலை அதிகம் ஊற்றித் தயிரைக் குறைத்துச் சேருங்கள், ராத்திரிக்குள் புளிக்காது. தொட்டுக்கொள்ள மாவடுவோ மாம்பழத் துண்டோ. மாடித் தரை பகல் முழுக்கக் குடித்த சூட்டை லேசில் விடாது. தண்ணீர் வசதி இருந்தால் பொழுது சாயும்போது இரண்டு வாளி தெளித்துவிடுங்கள். தண்ணீர்ப் பஞ்சமான தெருவென்றால் ஒன்பது மணிக்கு மேல் ஏறுங்கள். மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாகத் தெரியும். அதன் வால் முனையிலிருந்து இரண்டாவது வசிஷ்டர். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மங்கலாக அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் பார்த்ததாகத் தலையாட்டிய அப்பா அம்மாவை இப்போது காட்டச் சொல்லுங்கள், வேடிக்கையாக இருக்கும்.

காலையில் அபாகஸ், பத்து மணிக்கு ஹிந்தி, சாயங்காலம் நீச்சல் என்று நாளை நிரப்பிவிட்டால் இதற்கெல்லாம் நேரம் ஏது? ஒரு வகுப்போடு நிறுத்துங்கள். மதியத்தில் "போர் அடிக்குது" என்று பிள்ளை வந்து நின்றால் உடனே போனை எடுத்து நீட்டவும் வேண்டாம். வருஷப் புளி வாங்கிக் கொட்டை எடுக்கிற காலம் இது. அந்தக் கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமென்ட் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்தால் தாயம் ஆட ஆகும். தேய்த்த சூட்டோடு அதை யார் தொடையிலாவது வைத்துவிட்டு ஓடுவார்கள். அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க அவசரப்படாதீர்கள்.

பிள்ளைகளிடம் காசில்லை என்று சொல்லக் கூச்சப்படுவதும் தவறுதான். "இந்த வாரம் 200 ரூபாய்தான் இருக்கு, என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் கடற்கரைக்குப் போய் சுண்டல் தின்றுவிட்டு வரும் திட்டத்தை அவர்களே போட்டுவிடுவார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட்டும் இந்த மாதத்தில்தான் வருகிறது. சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாம் கூடியிருக்கும் வீட்டில் யார் என்ன மார்க் என்று சபையில் கேட்காமல் இருந்தாலே போதும்.

கடைசியாக ஒன்று. சட்டென்று கிளம்பலாம், ஆனால் தண்ணீர் விஷயத்தில் அப்படிக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அருவியடியில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். மேலே மலையில் பெய்தால் போதும். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியுமாக அடித்து வந்தால் அந்த நிமிஷமே வெளியே வந்துவிட வேண்டும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் முழங்கால் ஆழம் போலத் தெரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே மணல் அள்ளிய குழி இருக்கும். கல்குவாரிக் குட்டைக்குப் படியே கிடையாது, இறங்கியதும் ஆழம்தான். பிள்ளைகள் தண்ணீரில் ஆட வேண்டும் என்றால் ஊரில் சொந்தக்காரர் தோட்டத்துப் பம்ப்செட் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் ஓடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். தொட்டி எவ்வளவு ஆழம் என்று முதலில் நீங்கள் இறங்கிப் பாருங்கள். ஈரக் கையோடு மோட்டார் ரூம் பக்கம் யாரும் போகாமல் ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்துகொள்ளட்டும்.