மக்காச்சோள வயலில் 1778: மெட்டல் டிடெக்டரோடு முதல்முறை இறங்குபவர்களுக்கு

எனக்குக் கிடைத்த முதல் மஸ்கெட் (பழைய காலத்து நீளத் துப்பாக்கி) குண்டைக் கூழாங்கல் என்று நினைத்துத் தூக்கி எறியப் போனேன். வெள்ளை வெளேரென்று, ஒரு பக்கம் லேசாகச் சப்பி, நெல்லிக்காய்க்குக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. கையில் கனத்ததால்தான் தப்பித்தது. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தால் 27 கிராம். அந்த எடை என்ன சொன்னது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நியூ ஜெர்சிக்கு வந்து பல வருஷம் எனக்கு ஃப்ரீஹோல்ட் என்றால் பெரிய மால் இருக்கிற ஊர், அவ்வளவுதான். 1778 ஜூன் 28 அன்று அந்த ஊரை ஒட்டித்தான் அமெரிக்க விடுதலைப் போரின் மான்மத் சண்டை நடந்தது. பிலடெல்பியாவைக் காலி செய்த பிரிட்டிஷ் படை, கப்பலேறி நியூயார்க் போவதற்காக சாண்டி ஹூக் நோக்கி நடந்துகொண்டிருந்தது. வாஷிங்டனின் படை பின்னாலேயே வந்து பிடித்துக்கொண்டது. அன்று அடித்த வெயிலில் குண்டு படாமலே சுருண்டு விழுந்து செத்தவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. ஆயிரக்கணக்கான ஆட்கள் நாள்கணக்கில் நடந்த வழியெல்லாம் பொத்தானும் குண்டும் பக்கிளும் சிந்தியிருக்கும். அவற்றில் பல இன்னும் ஒரு சாண் ஆழத்தில்தான் கிடக்கின்றன.

முதலில் சட்டம், பிறகுதான் மெஷின்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாரிஸ்டவுன், வேலி ஃபோர்ஜ் போன்ற தேசியப் பூங்காக்களில் தோண்டுவது இருக்கட்டும், டிடெக்டரைக் கழற்றி மூட்டை கட்டாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். கூட்டரசு நிலத்தில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுத்தால், 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. பொருளின் மதிப்பு கூடினால் தண்டனையும் கூடும். மான்மத் போர்க்களமோ மாநிலப் பூங்கா. அங்கே டிடெக்டர் பிடித்த தன்னார்வலர்கள் உண்டுதான். ஆனால் அது தொல்லியல் ஆய்வு. ஒவ்வொரு குண்டும் கிடந்த இடத்தை அளந்து வரைபடத்தில் குறித்தார்கள். நாம் சனிக்கிழமை காலை காபியோடு போய் இறங்குகிற இடம் அதுவல்ல.

ஆக, நமக்கு மிச்சம் தனியார் நிலம், அதுவும் சொந்தக்காரர் சரி என்றால் மட்டும். பகல் நேரத்தில், காரை வாசலில் தெரியும்படி நிறுத்திவிட்டு, கையில் மெஷின் இல்லாமல் போய்க் கதவைத் தட்டுங்கள். மெஷினைப் பார்த்ததும் பாதிப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எந்தச் சாலை, எந்தப் படை, எந்த வருஷம் என்று பழைய வரைபடத்தின் பிரதியைக் காட்டிப் பேசுங்கள். தன் வயலின் கதையைக் கேட்க விரும்பாத விவசாயியை நான் இன்னும் பார்க்கவில்லை. கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது, எந்தப் பகுதியில் கால் வைக்கக் கூடாது, விதைப்பு எப்போது என்பதை அன்றே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பி, கிடைத்த பொருளுக்காக உறவு கெட்டவர்களை எனக்குத் தெரியும்.

எங்கே தேடுவது

உண்மையைச் சொன்னால் இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி மேசை வேலை. வாஷிங்டனின் நில அளவையாளராக இருந்தவர் ராபர்ட் எர்ஸ்கின். அவரும் அவருக்குப் பின் வந்த சிமியன் டிவிட்டும் வரைந்த சாலை வரைபடங்களில் மதுக்கடை, ஆலை, பாலம் எல்லாம் பெயரோடு இருக்கும். 1781இல் ரோஷாம்போ தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ரோட் ஐலண்டிலிருந்து யார்க்டவுன் வரை நடந்தது. அது நியூ ஜெர்சியைக் கடந்தபோது தங்கிய முகாம்களையும் பிரெஞ்சு அதிகாரிகள் அழகாக வரைந்து வைத்திருக்கிறார்கள். காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் அந்தக் காலத்துப் படை வரைபடங்கள் நிறைய இலவசமாகவே கிடைக்கின்றன.

அந்த வரைபடத்தின் மேல் இன்றைய லைடார் படத்தை வைத்துப் பாருங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அதை இலவசமாகவே தருகிறது. மரங்களை உரித்து எடுத்துவிட்டு வெறும் தரையைக் காட்டும் படம் அது. கைவிட்டுப்போன பழைய வண்டிப்பாதைகள் அதில் வாய்க்கால் மாதிரித் தெரியும். பாதையும் ஓடையும் அருகருகே வந்து, பக்கத்தில் தண்ணீர் தேங்காத சரிவும் இருந்தால், அங்கே கூடாரம் போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். நானாக இருந்தால் அங்கேதான் போடுவேன்.

வயலில் இறங்கியதும் மெஷினைப் போடாமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வெள்ளைக் களிமண் புகைக்குழாயின் துண்டுகள், சக்கிமுக்கிக் கல் சில்லு, கையால் அடித்த ஆணி இவை கண்ணில் பட்டால் நல்ல சகுனம். ஆணியைக் கவனியுங்கள். நான்கு பட்டையாகக் கூர்ந்து, தலையில் சுத்தியல் அடித்த முகப்புகள் பூவிதழ் போலத் தெரிந்தால் அது கொல்லன் கையால் அடித்தது. இயந்திரத்தில் வெட்டிய ஆணிகள் 1790களில்தான் வரத் தொடங்கின.

மெஷின்

தொடங்குபவருக்கு 250 முதல் 350 டாலருக்குள் வருகிற ஒன்று போதும். மைன்லேப் எக்ஸ்டெர்ரா புரோ, நோக்டா சிம்பிளெக்ஸ் வகையில் எதுவானாலும் சரி. 1,500 டாலர் மெஷினை முதல் மாதத்திலேயே வாங்கியவர்கள் அடுத்த மாதம் அதை விற்க விளம்பரம் போடுகிறார்கள்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. மெஷினின் அடியில் இருக்கும் காயிலில், அதாவது கம்பிச்சுருளில், ஓடும் மாறுமின்சாரம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, பதிலுக்கு ஒரு சிறு புலத்தைத் திருப்பி அனுப்பும். அது எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை வைத்து மெஷின் ஒரு எண்ணைக் காட்டுகிறது. இரும்புக்குக் கீழ் எண், வெள்ளிக்கு மேல் எண். ஈயக் குண்டு நடுவில் விழும். சிக்கல் என்னவென்றால் சோடா கேனின் மூடி வளையமும் அதே நடுவில்தான் விழும். அதனால் எண்ணைப் பார்த்து இது மூடி, இது குண்டு என்று முடிவு கட்டாதீர்கள். நடு எண்கள் அத்தனையையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

கூடவே வேண்டியவை: ஹெட்போன், விளிம்பில் பல் வைத்த கைக்கொத்து, குழிக்குள் இடம் காட்டும் பின்பாயின்டர். கேரட் நிறுவனத்தின் பின்பாயின்டர் ஆரஞ்சு நிறத்தில் நீளமாக இருப்பதால் எல்லாரும் அதைக் காய்கறி கேரட் என்றே கூப்பிடுகிறார்கள். புல்லில் விழுந்தால் அந்த நிறம்தான் காப்பாற்றும்.

வயலில்

மக்காச்சோளம் அறுத்த பிறகு, அல்லது விதைப்புக்கு முன் வசந்த காலத்தில் போங்கள். உண்ணிக்குப் பயந்து பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணி கடித்து வரும் லைம் நோய் இந்தப் பக்கம் சாதாரணம். இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்காரர்கள் சுற்றுவார்கள், ஆரஞ்சு மேலாடை இல்லாமல் இறங்க வேண்டாம்.

இறங்கியதும் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மெஷினை அந்த மண்ணுக்குப் பழக்குங்கள். பெரும்பாலான மெஷின்களில் ஒரு பொத்தானை அழுத்தியபடி, உலோகம் இல்லாத இடத்தில் காயிலை மேலும் கீழும் ஏற்றி இறக்கினால் போதும். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைக்கத் தோன்றும். மெஷின் தானாகக் கத்தாத அளவுக்கு இறக்குங்கள்.

இரும்புக்குச் சத்தமே வராதபடி மெஷினில் முழுக்க அடைத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. நாணயம் தேடுபவருக்கு அது சரிப்படும். நமக்கு பயனெட்டும் (துப்பாக்கி முனைக் கத்தி) இரும்பு, பீரங்கி துப்பிய கிரேப் ஷாட் என்ற சிறு உருண்டைகளும் இரும்பு. அதன் சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள், அடைக்காதீர்கள்.

நடக்கும்போது ஏர் உழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சால் சாலாகப் போக வேண்டும், ஒரு வீச்சு முந்தைய வீச்சின் பாதியையாவது மூட வேண்டும். காயில் தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. கை ஓங்கும்போது இரண்டு முனையிலும் காயில் ஊஞ்சல் மாதிரி மேலே போகும், அங்கேதான் குண்டுகளைத் தவறவிடுவோம். ஒரு துண்டை முடித்ததும் குறுக்கு உழவு போலக் குறுக்குத் திசையில் இன்னொரு முறை. நான் முதல் வருஷம் வயல் முழுக்கத் திரிந்து ஒன்றும் கிடைக்காமல் வந்தேன். இரண்டாவது வருஷம் அதே வயலில் டென்னிஸ் மைதானம் அளவுக்குக் கயிறு கட்டி நடந்தபோதுதான் அந்த 27 கிராம் கிடைத்தது.

சத்தம் கேட்டால் உடனே குனியாதீர்கள். கால் வட்டம் திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். எந்தப் பக்கமிருந்து வீசினாலும் உருண்டையாக, ஒரே மாதிரி ஒலித்தால் தோண்டலாம். ஒரு பக்கம் வெள்ளி மாதிரிக் கூவி, மறுபக்கம் கரகரத்தால் பெரும்பாலும் வளைந்த ஆணி.

தோண்டுவது

கொத்தைச் சத்தத்தின் நடுவில் குத்தாதீர்கள். 250 வருஷம் தப்பித்துக் கிடந்த பொத்தானில் நீங்கள் போடும் கீறல் அதோடு நிரந்தரமாக இருக்கும். ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் வெட்டி, மண்கட்டியை முழுசாகப் பெயர்த்து, ஒரு துணியின் மேல் வைத்துப் பின்பாயின்டரால் தடவுங்கள். எடுத்த பிறகு குழிக்குள் இன்னொரு முறை பாருங்கள், ஒன்றுக்குக் கீழே இன்னொன்று இருக்கும். அப்புறம் மண்ணைத் தள்ளி மிதித்து மூடுங்கள். மூடாத குழி ஒன்றே போதும், அந்த விவசாயி இனி எந்தத் தமிழனையும் உள்ளே விட மாட்டார்.

உழுத மண்ணுக்குக் கீழே போகாதீர்கள், அதாவது சுமார் ஓரடி ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருப்பது கலையாத படிவு, தொல்லியலாளர்கள் பார்க்க வேண்டியது. எலும்பு வந்தால் கையை எடுத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுங்கள். உருண்டையான இரும்பு, அதில் ஒரு துளையோ அடைப்போ தெரிந்தால் தொடவே வேண்டாம். பழைய வெடிமருந்து செத்துவிட்டது என்பது மூடநம்பிக்கை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் 2008இல் வர்ஜீனியாவில் தன் வீட்டு வாசலிலேயே இறந்துபோனார்.

என்ன கிடைத்தது?

இப்போது அந்த 27 கிராமுக்கு வருவோம். சப்பிப்போன குண்டின் விட்டத்தை அளக்க முடியாது, ஆனால் எடை மாறாது. மான்மத் ஆய்வில் ஈடுபட்ட டேனியல் சிவிலிச் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: கிராமில் எடை எடுத்து, அதன் கனமூலத்தை 0.2232ஆல் பெருக்கினால் அங்குலத்தில் விட்டம். 27இன் கனமூலம் 3. ஆக 0.67 அங்குலம். பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் துப்பாக்கிக் குழல் 0.75 அங்குலம், குண்டு அதைவிடச் சற்றுச் சின்னதாக 0.69 வாக்கில் இருக்கும். பிரெஞ்சு சார்லவில் துப்பாக்கிக்குக் குழலே 0.69 அங்குலம்தான், குண்டு 0.63 வாக்கில். 22 கிராம் குண்டு கிடைத்திருந்தால் கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் அமெரிக்கர்கள் இரண்டு வகைத் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள் என்பதால், ஒற்றைக் குண்டை வைத்துச் சுட்டவன் யாரென்று சத்தியம் செய்ய முடியாது. பத்துக் குண்டு, அவை கிடந்த பத்து இடம் தெரிந்தால் பேச்சே வேறு.

சப்பியிருந்தால் சுட்டது. உருண்டையாக, வார்ப்பு வரியோடு இருந்தால் யாரோ தவறவிட்டது. பல்தடம் தெரிந்தால், வலி பொறுக்க சிப்பாய் கடித்த குண்டு என்று விற்பவர்கள் கதை கட்டுவார்கள். பெரும்பாலும் கடித்தது பன்றி.

நிஜமான அபூர்வம் பொத்தானில்தான் இருக்கிறது. 1767இல் பிரிட்டிஷ் அரச ஆணை ஒன்று, ஒவ்வொரு படைப்பிரிவும் தன் எண்ணைப் பொத்தானில் பொறிக்க வேண்டும் என்றது. 42 என்று இருந்தால் ஸ்காட்லாந்து ஹைலாண்டர் படை. அது மான்மத்தில் சண்டையிட்ட பிரிவு. அமெரிக்கப் படையின் பொத்தானில் யூ, எஸ், ஏ மூன்று எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். சிப்பாய்களுடையது பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவை. மெஷினில் தாழ்ந்த எண் காட்டும், சாக்லேட் தாள் மாதிரி. சலிப்பில் விட்டுவிடுவோம்.

என் முதல் பியூட்டர் பொத்தானைக் குழாயடியில் கட்டைவிரலால் தேய்த்தேன். எண் இருந்ததோ இல்லையோ, சாம்பல் பொடியாக விரலில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. புளிப்பேறிய மண்ணும் வருஷக்கணக்கான உரமும் அதை உள்ளுக்குள் அரித்திருக்கும். எடுத்தவுடன் தேய்க்காமல், கூட இருந்த மண்ணோடு சிறு டப்பாவில் வைத்து நிழலில் மெதுவாகக் காயவிட்டு, பல்குச்சியால் மண்ணை மட்டும் தட்டுங்கள். ஈயத்தின் மேலிருக்கும் வெள்ளைப் படலத்தைச் சுரண்டாதீர்கள், பழசு என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஈயம் விஷம். கை கழுவாமல் இட்லியைத் தொடாதீர்கள்.

ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே போனில் ஜிபிஎஸ் குறித்து, தனிப் பையில் போட்டு, எண் எழுதுங்கள். "வயல், சனிக்கிழமை" என்று எழுதிய பை எனக்கு இருக்கிறது, அதில் மூன்று குண்டுகள். அவை எங்கே கிடந்தன என்று இனி யாருக்கும் தெரியாது. ஒரே இடத்தில் குண்டுகள் கொத்தாக வந்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டு, சொந்தக்காரரிடம் கேட்டு, மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கு அந்த ஜிபிஎஸ் பட்டியலை அனுப்புங்கள்.

நிறையப் பேர் கேட்கும் கேள்வி: ஊருக்குப் போகும்போது மெஷினை எடுத்துப் போகலாமா? வந்தவாசியில் 1760இலும் பரங்கிப்பேட்டையில் 1781இலும் வெள்ளைக்காரன் சண்டை போட்டிருக்கிறானே என்பார்கள். போட்டான்தான், அதே பிரவுன் பெஸ்ஸோடு. ஆனால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தோண்டவே கூடாது. பாட்டி வீட்டுத் தோட்டத்தில் மெஷினோடு நடந்தால் அரை மணி நேரத்தில் ஊரே புதையல் என்று கூடிவிடும். மெஷின் இங்கே நியூ ஜெர்சியில், எடிசனிலேயே இருக்கட்டும்.